திரவியத்துக்கு மேளம் வேண்டாம்

செம்மண்விளைக்குத் திரும்பி வந்த முதல் கிழவனுக்கு வயது இருபத்திரண்டு. பேர் ராஜசிங். பஞ்சாயத்துத் தலைவர் லிங்கராஜின் ஒரே மகன். மேலே சண்டைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்டக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். இடுப்பு வளைந்திருந்தது, காதுக்குள் வெள்ளை முடி முளைத்திருந்தது, கையிலிருந்த பையில் போகும்போது அவன் அம்மா வைத்துவிட்ட முறுக்கில் பாதி இன்னும் மிச்சம் இருந்தது. நிறுத்தத்தில் நின்றவர்களில் ஒருவர், "பெரியவரே, யாரு வீட்டுக்குப் போணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். "எங்க வீட்டுக்குத்தான் சித்தப்பா" என்றான் அவன். சித்தப்பா அவன் முகத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

அந்த நேரம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலறையில் முட்டை உரித்துக்கொண்டிருந்த சந்தனக்கனி, ஜன்னல் வழியாக இருவரும் போவதைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் அவள். எவன் தட்டை எப்படி நீட்டுவான், எவன் முட்டையில் மஞ்சளை ஒதுக்குவான், எவன் ஒன்றைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் வந்து நிற்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கிழவனின் பின்கழுத்தைப் பார்த்தே அது ராஜசிங் என்று தெரிந்துகொண்டாள். ராஜசிங் போன வண்டிக்கு அடுத்த வண்டியில்தான் அவளுடைய மகன் திரவியம் போயிருந்தான். அன்றைக்கு அவள் உரித்த முட்டைகளில் பாதி பிய்ந்துபோயின.

சண்டை எங்கே, யாரோடு, எதற்கு என்பது ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. நிலாவுக்கு அந்தப் பக்கம் என்றார்கள், செவ்வாய்க்குப் போகிற வழியில் என்றார்கள், அங்கே மிதக்கிற கல்லை யார் வெட்டி எடுப்பது என்பதில் தகராறு என்றார்கள். தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கடற்கரையில் ஏவுதளம் இருந்தது, மாதத்துக்கு ஒரு வண்டி அங்கிருந்து கிளம்பும், கிளம்புகிற நாளில் தேரிமேட்டுச் செம்மணல் பறந்துவந்து சோற்றுப்பானையில் விழும் என்பதால் பெண்கள் விடியுமுன்பே சமைத்து மூடி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் கிழக்கே பார்த்தால், யாரோ வெல்டிங் வைக்கிற மாதிரி வானத்தில் சின்னச் சின்னப் பொறிகள் தெரியும். அதுதான் சண்டை. பால் கறக்கிறவர்கள் அதைப் பார்த்து மணி சொல்லுவார்கள்.

ராஜசிங்கிடம் விவரம் கேட்டார்கள். "குண்டு கிண்டெல்லாம் ஒண்ணும் கெடையாது. ஒரு வெளிச்சம் வரும். சத்தமே இருக்காது. வந்துட்டுப் போனதும் பக்கத்துல நின்னவனப் பாத்தா தாடி நெஞ்சு வரைக்கும் தொங்கும். அவன் நம்மளப் பாத்து, 'ஏல, நீயுமால?'ன்னு கேப்பான். அவ்வளவுதான்" என்றான். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அவனுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நாற்காலியில் ஒரு தலையணை போட்டார்கள்.

அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராகக் கிழவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஊரும் அதற்குத் தக்கபடி தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டது. டீக்கடையில் இரண்டு பெஞ்சு தனித்தனியாகப் போட வேண்டி வந்தது, ஏனென்றால் எண்பது வருஷம் ஒவ்வொரு நாளாக வாழ்ந்து கிழவரானவர்கள், ஒரே வெளிச்சத்தில் கிழவரானவர்களுடன் உட்கார மறுத்தார்கள். "நாங்க மூட்டுவலி வாங்க எத்தன வருசம் பாடுபட்டிருக்கோம், இந்தப் பயலுவ வந்து ஓசியில வாங்கிட்டானுவ" என்று சடைத்துக்கொண்டார்கள். புதுக் கிழவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பாதிப்பேருக்குக் காதும் கேட்கவில்லை. அவர்கள் கைபேசியைக் கண்ணுக்கு ஒட்ட வைத்துக்கொண்டு பழைய ஜோக்குகளைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்து இருமினார்கள், கல்லூரிப் பஸ் போகும்போது வழக்கம்போல் தலையைக் கோதிக்கொண்டார்கள், கோத முடி இல்லாதவர்கள் வழுக்கையைத் தடவிக்கொண்டார்கள். முதியோர் உதவிக்கு மனுப் போட்டவர்களை, பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். வாலிபால் குழு கலைக்கப்படவில்லை. வலையை மட்டும் இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு நாற்பத்தைந்து வயது அம்மாக்கள் தொண்ணூறு வயது மகன்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "சாப்பிடும்போது செல்லப் பாக்காதன்னு எத்தன தடவ சொல்ல" என்று வைதார்கள்.

பிறகு அவர்கள் சாகத் தொடங்கினார்கள். சிலர் இருபது நாள் இருந்தார்கள், சிலர் மூன்று மாதம். வியாதி ஒன்றும் கிடையாது, மூப்புதான்.

முதலில் போனது ராஜசிங். அன்றைக்குத்தான் ஊர் அந்தத் தப்பைச் செய்தது. வேண்டுமென்று செய்ததாக யாரும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் வயசாகிப் போகிறவரை அழுது அனுப்புவதில்லை. ஆண்டு அனுபவித்துப் போகிறவர் என்று கல்யாணச் சாவாக எடுப்பார்கள், பூப்பல்லக்குக் கட்டி, மேளம் வைத்து, வெடி போட்டு, பேரன் பேத்திகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்து, பொரி இறைத்து, ஆடிக்கொண்டு போவார்கள். சின்ன வயசில் போகிறவனுக்கு இது ஒன்றும் கிடையாது. கல்யாணம் ஆகாதவனாக இருந்தால் ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, செத்தவன் கையால் தொட வைத்த தாலியை அதில் கட்டி, கன்றை வெட்டிப் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு தூக்கிப் போவார்கள். இந்த இரண்டு வழக்கம்தான் செம்மண்விளைக்குத் தெரியும். மேளக்காரர் கடற்கரையாண்டி வந்து முகத்தைப் பார்த்தார். பொக்கை வாய், ஒட்டிய கன்னம், பஞ்சு போன்ற தலை. அவர் கை தானாகக் கல்யாண அடியை அடித்தது. பல்லக்குக் கட்டுகிறவனும் முகத்தைப் பார்த்தான், பூக்கட்டுகிறவளும் முகத்தைப் பார்த்தாள். பேரன் இல்லாத கிழவனுக்கு ஊர்ப்பிள்ளைகள் நாலு பேரைப் பிடித்துப் பந்தம் கொடுத்தார்கள். மேளத்தின் வேகம் ஏறியபோது யாரோ லிங்கராஜின் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட, அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுடுகாடு வரைக்கும் ஆடிக்கொண்டே போனார். ராஜசிங்கின் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆடி முடித்து வந்து குளித்தபோது, தன் மனசு லேசாக இருப்பதாக லிங்கராஜ் நாலு பேரிடம் சொன்னார். அது பரவியது. அடுத்த சாவுக்கு யாரும் யோசிக்கவே இல்லை. அழுகிற வீட்டை விட ஆடுகிற வீடு தாங்கக்கூடியதாக இருந்தது என்பதுதான் உண்மை, அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலிடத்துக்கும் இது தோதாகப் போயிற்று. எலும்பைப் படம் பிடித்து வயது சொல்கிற பெட்டியோடு ஆபீசர்கள் வந்தார்கள், ஒவ்வொருவனுக்கும் வயதை எழுதினார்கள், மரணக் காரணம் என்ற இடத்தில் 'முதுமை' என்று எழுதினார்கள். அதனால் சண்டையில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று செய்தியில் சொல்ல முடிந்தது. மூன்று வருஷமாக நடக்கிற சண்டையில் சேதம் சுழியம். அத்தோடு விட்டார்களா? மனித ஆயுள் சராசரி மற்ற ஊர்களில் எழுபது எழுபத்திரண்டு என்று தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்க, செம்மண்விளையில் அது எண்பத்தெட்டைத் தொட்டுவிட்டது என்று கண்டுபிடித்து, 'நீடித்த ஆயுள் ஊர்' என்று பெரிய பலகை ஒன்றை ஊர் எல்லையில் நட்டார்கள். கேடயம் கொடுக்க மந்திரி வருவார் என்றும் சொன்னார்கள். ஆளெடுக்கிற ஜீப்பும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே வந்தது. சாவே இல்லாத சண்டைக்குப் பிள்ளைகளை அனுப்ப யார்தான் மறுப்பார்கள்?

திரவியம் வந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். சந்தனக்கனி குனிந்து தட்டுத் தட்டாகச் சோறு வைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் வகுப்புக்காரிக்குப் பின்னால் தட்டு இல்லாமல் வெறும் கை ஒன்று நீண்டது. நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, லேசாக நடுங்குகிற கை. கீழே பார்த்தாள். வலது பாதத்தின் மேல் இடது பாதத்தை வைத்துக்கொண்டு நின்றான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் நிற்பான்.

"எம்மா, ஒரு முட்ட வையேன்" என்றான்.

"வரிசைல வந்தா ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவள் இரண்டு வைத்தாள். பிறகு கரண்டியை உதவிக்காரி கையில் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வந்தார்கள். அவர்களுக்கு மொண்டு கொடுத்தாள்.

ஆபீசர்கள் படம் பிடித்துப் பார்த்துத் தொண்ணூற்றொன்று என்று எழுதிவிட்டுப் போனார்கள். திரவியம் பத்தொன்பது நாள் இருந்தான். அவளுக்குப் புருஷன் இல்லை; லாரி மோதிப் போய் பத்து வருஷம். ஆக வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு ஆட்டுக்கறி ஆசை. குக்கரில் எட்டு விசில் விட்டுப் பிசைந்து கொடுப்பாள், அதையும் அவன் அரைமணி நேரம் மெல்லுவான். ஒருநாள் பைக்கை வெளியே எடுக்கச் சொன்னான். உதைக்கக் காலில் தெம்பில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே உதைத்துக் கிளப்பிக் கொடுத்தாள். ஸ்டாண்டு போட்ட பைக்கில் ஏறி உட்கார்ந்து கால்மணி நேரம் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டு, "போதும்மா, ரொம்பத் தூரம் போயிட்டு வந்துட்டேன்" என்று இறங்கினான். குளிப்பாட்டும்போது மட்டும் கூச்சப்பட்டான்.

"பாக்காத. கெழட்டு ஒடம்பும்மா."

"பெத்தவளுக்கு என்னல ஒடம்பு? கையத் தூக்கு."

அவன் கையைத் தூக்கினான். விலாவில் ஒவ்வொரு எலும்பாக எண்ணிவிடலாம். ஐந்து வயதில் அம்மை போட்டபோது வந்த தழும்பு இடுப்பில் அப்படியே இருந்தது, அது மட்டும் கிழடாகவில்லை. சந்தனக்கனி அந்த இடத்தில் இரண்டு தடவை சோப்புப் போட்டாள்.

பதினான்காம் நாள் ஜெயக்கொடி செத்துப்போனான். அவன் திரவியத்துக்குக் கூட்டாளி. பூப்பல்லக்கு அவர்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. திரவியம் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்னால் கடற்கரையாண்டியின் மேளம், அதற்கு முன்னால் லிங்கராஜ் ஆடிக்கொண்டு வந்தார். எல்லாச் சாவுக்கும் அவர்தான் இப்போது முதல் ஆட்டம், ஆடாமல் விட்டால் ஏதோ குறைந்துவிடும் என்பது போல ஆடினார். ஒருத்தி வந்து திரவியத்தின் கையில் பூந்திப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். ஊர்வலம் திரும்பி மறைகிறவரை அவன் அதைப் பிரிக்கவில்லை.

"எம்மா."

"சொல்லுய்யா."

"பத்தாம் வகுப்புல எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாம்மா அவன். கணக்குப் பரீட்சைல எம் பேப்பரப் பாத்து எழுதித்தான் பாஸானான். ஒரு பொம்பளப்பிள்ளையோட கையக்கூடப் பிடிச்சது கெடையாது. எல்லாரும் பூந்தி தின்னுட்டுப் போறாவ."

சந்தனக்கனி அவன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் திண்ணையில் வைத்தாள்.

"எனக்கு மேளம் வேண்டாம்மா. நான் கெழவனாச் சாவல. எனக்கு இருபத்திமூணு வயசு. எனக்காவ அழணும் நீங்க. ஊரோட அழணும்."

"வாய மூடு. சாவப் பத்தி என்ன பேச்சு?"

"சரின்னு சொல்லு."

அவள் சரி என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உறைத்தது. அவளுக்காக மட்டும் என்றால் தலையில் கல்லைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடத் தயார்தான். ஆனால் ஊரை அழ வைப்பது அவள் கையிலா இருக்கிறது?

ஐந்து நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில், அவள் பால் ஆற்றிக்கொண்டு வந்து கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவில்லை. கையில் கைபேசி இருந்தது. அதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கெல்லாம் லிங்கராஜ் வந்துவிட்டார். அவள் புருஷனுக்குப் பெரியப்பா மகன், அவளுக்கு அத்தான் முறை. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நின்று செய்ய வேண்டியவர் அவர்தான். பல்லக்குக்குச் சொல்லிவிட்டார், வெடிக்குச் சொல்லிவிட்டார், பள்ளிக்கூடத்தில் கேட்டு நாலு பிள்ளைகளைப் பேரன்களாகக் கூட்டி வந்துவிட்டார், அவர்கள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஐந்து நாளாகக் காணாத சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் செய்கிறதுக்கு வேலை இருக்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அத்தான், மேளம் வேண்டாம்" என்றாள் சந்தனக்கனி. "வாழக்கன்னு கொண்டாரச் சொல்லுங்க."

நெய்ப்பந்தத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன பேசுத? வாழக்கன்னு எளந்தாரிக்கில்லா?"

"எம்பிள்ள எளந்தாரிதான்."

"சந்தனக்கனி, மூஞ்சியப் பாருளா" என்றாள் ஜெயக்கொடியின் அம்மா பேச்சிக்கனி. அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. "எந்த ஊர்ல எளந்தாரிக்கு இந்த மூஞ்சி இருக்கு? அஞ்சு நாளைக்கு முன்னால எம்பிள்ளைய நல்லவிதமா அனுப்பிச்சோம். நீயும் அனுப்பு. வழக்கத்த மாத்தாத."

"ஞாயித்துக்கெழம மந்திரி வாறாரு" என்று யாரோ பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினார்கள். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தனக்கனி வாக்குவாதம் பண்ணத் தெரிந்தவள் அல்ல. கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் வளர்ந்த ஏத்தன் வாழை அங்கே நின்றது. அதன் பக்கக்கன்று ஒன்றை இரண்டு போடில் தறித்து, மண்ணும் சாறும் சேலையில் வழிய, முற்றத்துக்கு இழுத்து வந்து, திரவியத்தைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அது சாய்ந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் மஞ்சள் கயிறு தேடினாள்.

லிங்கராஜ் அவள் முன்னால் வந்து நின்றார். அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது.

"யோசிச்சுத்தான் செய்யுதியா? இவன் எளந்தாரின்னா ஜெயக்கொடி யாரு? அதுக்கு முன்னால போன இருபது பேரு யாரு? நீ ஒரு கன்ன வெட்டுத, இந்த ஊர்ல இன்னும் இருபத்தோரு வீட்ட வெட்டுத. அவுகல்லாம் கொஞ்சம் நிம்மதியா இருக்காவ. இருக்கட்டுமே."

"இருக்கட்டும் அத்தான். நான் யாரையும் ஒண்ணுஞ் சொல்லல. எம்பிள்ள கேட்டான். நான் சரின்னுட்டேன்."

"அப்ப நான் ஆடுனது?" என்றார் அவர். "எம்மவன் சாவுக்கு நான் ஆடுனேன் சந்தனக்கனி. இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு இந்தத் தெரு முழுக்க ஆடுனேன். அது என்னதுன்னு சொல்லு."

அந்த மனுஷனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாழைக்கன்றின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போது வாசலில் நின்ற கடற்கரையாண்டி தொண்டையைச் செருமினார். அவரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் மேளத்தைத் தீயில் காய்ச்சித் தயாராக வைத்திருந்தார்கள்.

"என்ன அடி அடிக்கணும்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்கய்யா" என்றார். "எங்க கைக்கு மூஞ்சிதான் தெரியும். மூஞ்சியப் பாத்து அடிக்கப் பழகுன கை இது."

அவர் சந்தனக்கனியைப் பார்த்தார்.

"தாயி, நீங்கதான எல்லாப் பிள்ளைக்கும் சோறு போட்டிய. எம்மவன் சுந்தரம் போன மாசம் மேல போனான். அவன் எந்த வருசம் ஒங்ககிட்ட ஒண்ணாப்புக்கு வந்தான்?"

"வெள்ளம் வந்த வருசம். பெரிய கலியாணச் சட்டையப் போட்டு முழங்கைவரைக்கும் மடிச்சு விட்டிருந்திய. முட்டையத் தொட மாட்டான். நாந்தான் ஊட்டிப் பழக்குனேன். இப்ப பத்தொம்பது."

"பத்தொம்பது" என்று கடற்கரையாண்டி திரும்பச் சொன்னார். அதை வாயில் வைத்துப் பார்ப்பது போல இருந்தது. "நாள பின்ன அவன் இப்படி வந்து இறங்குனா, நான் மூஞ்சியப் பாத்து அடிச்சிருவேன் தாயி. எங்கை அடிச்சிரும்." கழுத்தில் மாட்டியிருந்த வாரைத் தலைக்கு மேல் கழற்றினார். மேளத்தைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார். அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தாங்களும் கழற்றி வைத்தார்கள்.

மேளம் இல்லாத சாவு வீட்டில் என்னவெல்லாம் கேட்கும் என்பது அந்த ஊருக்கு மறந்துபோயிருந்தது. ஈ பறப்பது கேட்டது. பேரன்களாக வந்த பிள்ளைகளில் ஒருத்தன் மூக்கை உறிஞ்சியது கேட்டது. ஊதுபத்திச் சாம்பல் உதிர்வதுகூடக் கேட்கும் போல இருந்தது. பேச்சிக்கனி, ஏதோ சொல்ல வாயெடுத்தவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மஞ்சள் கயிற்றைக் கன்றில் சுற்றுவதற்கு முன்னால் செத்தவன் கை அதைத் தொட வேண்டும், அந்தக் கையைத் தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறவர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அம்மா பிடிக்கக் கூடாது. சந்தனக்கனி கயிற்றை நீட்டிக்கொண்டு நின்றாள். லிங்கராஜ் தூணோரத்தில் நின்றார். அவரைக் கூப்பிடவும் அவளுக்கு மனம் வரவில்லை, வேறு ஒருவரைக் கூப்பிடவும் முறை இல்லை. வெயில் முற்றத்தில் ஒரு சாண் நகர்ந்தது. கன்றின் இலை வாடத் தொடங்கியது.

கடைசியில் லிங்கராஜ் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குனிந்து திரவியத்தின் கையை எடுத்தார், எடுத்து மஞ்சள் கயிற்றின் மேல் வைத்தார். சந்தனக்கனி மூன்று முடிச்சுப் போட்டாள். அரிவாளை வாங்கிக் கன்றை ஒரே வெட்டாக வெட்டியவர் கடற்கரையாண்டி. அது முற்றத்தில் விழுந்தபோது சத்தம் பெரிதாக இல்லை.

லிங்கராஜ் இன்னும் அந்தக் கையை விடவில்லை. சுருங்கிய விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தபடி இருந்தார்.

"சந்தனக்கனி."

"சொல்லுங்க அத்தான்."

"எம்மவன் ராஜசிங்கு வண்டி ஏறப் போகும்போது நீ நின்னேல்லா?"

"நின்னேன்."

"அவனுக்கு அப்ப மீசகூடச் சரியா மொளைக்கல, இல்ல?"

"இல்ல அத்தான்" என்றாள் அவள். "மொளைக்கல."

லிங்கராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் செத்துப்போன மகனின் பேரைச் சொல்லி, வாய்விட்டு, சின்னப் பிள்ளையைப் போல அழுதார். அவரைத் தேற்ற ஒருவரும் போகவில்லை. பேச்சிக்கனி அழ ஆரம்பித்திருந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, வாசலில் ஒருவர், தெருவில் நாலு பேர். அந்த ஊரில் அன்றைக்கு அவரவர் பிள்ளைக்கு அவரவர் அழ வேண்டியிருந்தது.